கைக்கடிகாரத் திரையில் தமிழ் விசைப்பலகை: எழுத்துகளை எப்படி அடுக்குவது?

கேள்வி (மன்னார்குடி):
குறுவை நடவின்போது வரப்பில் நின்றபடியே "மடையைத் திற" என்று கைக்கடிகாரத்திலிருந்து செய்தி அனுப்ப உதவும் தமிழ் விசைப்பலகை ஒன்றை வடிவமைத்து வருகிறேன். 35 மில்லிமீட்டர் வட்டத்திரைக்குள் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் சதுரமே அடங்குவதால், தமிழ்99 என்னும் கணினி விசைப்பலகை அமைப்பை அப்படியே வைத்தால் ஒரு விசை 3 மில்லிமீட்டர் அகலம்கூடப் பெறுவதில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி (கும்பகோணம்):
இலக்கணமே வழிகாட்டுகிறது, ஐயா. க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ற–ன என்னும் இன எழுத்துகளை வரிசைக்கு மூன்றாக ஆறு விசைகளில் இணைத்து, தட்டினால் வல்லினமும் அழுத்திப் பிடித்தால் மெல்லினமும் வரச் செய்தால், ஒவ்வொரு விசைக்கும் 8 மில்லிமீட்டர் கிடைக்கும். இடையினத்தை அடுத்த பலகையில் வைக்கலாம்.

மறுமொழி (திருவையாறு):
இணைப்பு அழகுதான், ஆனால் ம, ன இல்லாமல் நம் பேச்சு நகராது, ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடித்தால் விரல் சலித்துவிடும். விசையிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் மெல்லினம் வரட்டும். தமிழ்99இல் உள்ளதுபோல, ந–வை அடுத்துத் த வந்தால் புள்ளி தானாக விழுவதையும் விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. இழுப்பு முறையை வீட்டில் சோதித்தேன், நன்றாக இருந்தது. வயலில் விரல் ஈரத்தைத் தொடுதிரை தவறாகப் படித்தது. ஆகவே உயிர்க்குறிகளையாவது பக்கவாட்டுச் சுழல் பொத்தானுக்கு மாற்றிப் பார்க்கிறேன்.