நடக்கக் கிளம்ப மனமில்லாத நாளில் உங்களைக் கிளப்பியது எது?

ரேஸ்கோர்ஸ்காரன், கோவை:

தீபாவளிக்கு பேண்ட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். டெய்லர் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பழைய நோட்டைப் புரட்டினார். "போன முறை 38. இந்த முறை 42" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, "உள்ளே துணி கொஞ்சம் கூடுதலாகவே விட்டு வைக்கிறேன் சார்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஆறுதல் சொன்னாரா, ஆரூடம் சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.

வயது 46. உயரம் 168 செ.மீ. அன்றைக்கு எடை 94 கிலோ. நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். 42 அங்குலம் என்பது 106-க்கும் மேல்.

அதற்கு முன் நான் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடவில்லை. 4,500 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். ஜிம்மில் ஓராண்டுக்கு 14,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். பணம் போட்டால் போகாமல் இருக்க மனம் வராது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நன்றாகவே வந்தது. மொத்தம் போனது 19 நாள். கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 737 ரூபாய். அந்தக் காசுக்கு தினமும் ஆளை வைத்துக் கைகால் பிடித்துவிடச் சொல்லியிருக்கலாம்.

ஷூ மட்டும் வாசலில் ஸ்டாண்டின் மேல்தட்டில் இருந்தது. அதுதான் வினை. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார், வயது 71. முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் நடக்க வேண்டும், ஆனால் தனியாகப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகன் பெங்களூரில். ஒருநாள் மாலை அவருடைய மனைவி வந்து, "தம்பி, நீங்கள்தான் தினமும் காலையில் நடக்கப் போகிறீர்களே, இவரையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா?" என்று கேட்டார். என் ஷூவைப் பார்த்து அவர்களாக எனக்கு ஒரு நற்பெயர் கட்டி வைத்திருக்கிறார்கள்! "அதற்கென்னங்க அம்மா" என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் என் மனைவி சிரிப்பை அடக்கியது எனக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் ஐந்தரைக்கு ஜன்னலைத் திறந்தால், கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். குரங்குக் குல்லா, மடியில் கைத்தடி. உடம்பு முழுக்கத் தூக்கம். ஆனாலும் அந்த நாற்காலியைப் பார்த்தபிறகு எப்படித் திரும்பப் படுப்பது?

ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். முதல் நாள் 200 மீட்டர் போய்த் திரும்பினோம். ஒரு மாதத்தில் அரைச்சுற்று, மூன்றாவது மாதத்தில் முழுச்சுற்று. முடிவில் தள்ளுவண்டிக்காரரிடம் பெரியவர் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு குடிப்பார். எனக்கு வாங்கிக் கொடுக்கத் தினமும் முயல்வார். அந்த வாசனையே எனக்கு ஆகாது, மாடு மென்று பாதியில் வைத்ததுபோல் இருக்கும். மறுத்துவிடுவேன்.

மூன்று மாதத்தில் 94 என்பது 90.5 ஆனது. பெரிய சாதனை இல்லை. ஆனால் விட்டுப்போன நாள் நான்கே நான்கு. ஆர்வம் எனக்குப் பதினோராம் நாளே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னை எழுப்பியது அந்த நாற்காலிதான். உங்களுக்கு எது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். "மனதை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், தயவுசெய்து.

எட்டுக்கோலம், மதுரை:

எனக்குக் கோலப்பொடி.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.3 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை எச்சரிக்கை, 6.5 தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். அம்மா இன்சுலின் ஊசியைத் தொடையில் போட்டுக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம் மறக்காது. அப்படிப்பட்ட பயம்கூட எத்தனை நாள் தாங்கியது என்கிறீர்கள்? இரண்டு வாரம். மூன்றாவது வாரம் ஒரு காதுகுத்து விசேஷம், அதோடு சரி.

எங்கள் தெருவில் விடியற்காலையில் நாய் தொல்லை. மாலையில் பைக் தொல்லை. மாமியார்தான் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கச் சொன்னார். வடக்கு தெற்காகத்தான் போட வேண்டும், 21 நிமிடம்தான் நடக்க வேண்டும் என்று அவரிடம் நிறைய விதிகள் உண்டு. திசையில் எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கிழக்கு மேற்காகத்தான் போட முடிந்தது. மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாசலில் கோலம் போட்டு முடித்ததும் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பொடியோடு மாடிக்கு ஏறி ஓர் எட்டு போடுவேன். சாக்பீஸ், பெயின்ட் எல்லாம் வேண்டாமென்று அரிசி மாவிலேயே போட்டேன். மறுநாள் காலைக்குள் பாதியை எறும்பு தின்றிருக்கும், மீதியைக் காற்று கொண்டுபோயிருக்கும். தினமும் புதிதாகப் போட வேண்டும். இதுதான் என்னைக் காப்பாற்றியது. நடக்க வேண்டும் என்று நினைத்தால் உடம்பு வராது. கோலம் போட வேண்டும் என்றால் இருபத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகப் போய்விடும். போட்ட கோலத்தை மிதிக்காமல் வருவது எப்படி? ஐந்து சுற்று, பத்து சுற்று என்று தொடங்கிவிடுவேன். முதல் வாரம் வளைவுகளில் தலை சுற்றியது. திசையை மாற்றி மாற்றி நடந்தால் சரியாகிவிடுகிறது.

ஆறு வாரம் எடை மெஷின் முள் அசையவே இல்லை, 71-லேயே நின்றது. வெறுத்துப்போய் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியல் வைத்துக்கொண்டேன். அடுத்த பரிசோதனையில் 5.9. எடை வெறும் இரண்டு கிலோதான் குறைந்திருந்தது. எனக்கு 5.9 போதும். மாமியார் இது கிழக்கு மேற்கால் வந்த பலன் இல்லை என்கிறார்.

பொங்கல்வடை, சென்னை:

சிரிக்கக் கூடாது. நான் மூன்று ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் நடக்கிறேன். எடை கூடியிருக்கிறது.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாங்கள் ஏழு பேர். கோவை நண்பர் சொல்வது சரி, ஆள் சேர்ந்தால் நடை நிற்காது. ஆனால் ஆள் சேர்ந்தால் ஓட்டலுக்குப் போவதும் நிற்காது. ஏழு மணிக்குப் பூங்காவை விட்டு வெளியே வந்தால் நெய் வாசனை கையைப் பிடித்து இழுக்கும். பொங்கல், வடை, ஒரு டிகிரி காபி. "நடந்தாயிற்றே" என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்கு மறுப்பே கிடையாது.

என் மகள் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். என் எடைக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் 50, 60 கலோரி செலவாகுமாம். நாங்கள் நடப்பது மூன்று கிலோமீட்டர். வடை ஒன்றோடு அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. பொங்கலும் காபியும் முழுக்க வரவு.

இப்போது ஓட்டல் ஞாயிறு மட்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். தீர்மானத்தை எதிர்த்து ஒருவர் வெளிநடப்பு செய்தார். நேராக ஓட்டலுக்குத்தான் நடந்தார்.

எட்டுக்கோலம், மதுரை:

அண்ணா, மீதி ஆறு நாளும் வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லையே?

பொங்கல்வடை, சென்னை:

அது குடும்ப விஷயம் அம்மா.

இரவுப்பணி, சென்னை:

எல்லாரும் காலை ஐந்தரை, ஆறு என்று எழுதுகிறீர்கள். அந்த நேரத்தில் நான் வார்டில் டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருப்பேன். செவிலியர் வேலை, வாரம் ஒருமுறை ஷிஃப்ட் மாறும். இந்த வாரம் எனக்குக் காலை என்பது பிற்பகல் இரண்டு மணி. "தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டு, அப்படிச் செய்ய முடியாதவள் எதுவுமே செய்ய முடியாது என்று நானே முடிவு கட்டி நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டேன்.

போதாததற்குத் தம்பி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். 10,000 அடி நடந்தால்தான் அதற்கு மகிழ்ச்சி. இரவு பன்னிரண்டுக்கு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிடும். என் வேலையோ பன்னிரண்டைத் தாண்டியும் ஓடும். இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மானி. விற்பதற்கு வைத்த பெயரை நாம் வேதவாக்காக்கிக்கொண்டோம். படித்ததும் வாட்சைக் கழற்றி டிராயரில் போட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து லிஃப்டை விட்டுவிட்டேன். உடைமாற்றும் அறை தரைத்தளம், என் வார்டு ஐந்தாவது மாடி. முதல் வாரம் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, கைபேசியில் யாரோ அழைத்ததுபோல் நடிப்பேன். படியில் வருபவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம். இப்போது நிற்பதில்லை. எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள், நான் பார்ப்பதில்லை. பழைய யூனிஃபார்மின் பக்கவாட்டுத் தையலை மறுபடி உள்ளே பிடிக்க வேண்டியிருந்தது.

பனிக்காலம், ஸ்கார்பரோ:

நான் எழுதப் போவது தோற்ற கதை. கனடா வந்து 24 வருடங்கள். மகளின் கலியாணத்துக்காக ஐந்து மாதத்தில் 17 கிலோ குறைத்தேன். சோறு இல்லை, புட்டு இல்லை, இடியப்பம் இல்லை, பாண் (பிரெட்) இல்லை. முதல் வாரமே மூன்று கிலோ இறங்கியது. தலைகால் புரியாத சந்தோஷம். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்து தீர்ந்தால் அந்தத் தண்ணீரும் போய்விடும். போனதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். நாளுக்கு 500 குறைத்தாலும் பதினைந்து நாள். அந்தக் கணக்கை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

கலியாணத்தன்று பட்டுவேட்டி சால்வையோடு நின்றேன். எல்லாரும் "அண்ணை, மாப்பிள்ளை நீங்களோ" என்று கேட்டார்கள். கலியாணம் முடிந்தது. அதோடு மெலிவதற்கான காரணமும் முடிந்தது. ஆல்பம் கைக்கு வந்தபோது நாலு கிலோ ஏறியிருந்தது. அடுத்த வருடம் பேத்தி பிறந்தபோது 17 கிலோவும் திரும்பி வந்து, துணைக்கு இன்னும் மூன்றையும் கூட்டி வந்திருந்தது. வரவேற்பறையில் மாட்டிய கலியாணப் படத்தில் நிற்பவரைப் பார்த்து, வந்த ஒருவர் "இது உங்கள் தம்பியோ?" என்று கேட்டார். படத்தைக் கழற்றச் சொன்னேன். மனைவி கழற்றவில்லை.

இப்போது இரண்டு வருடமாக, பனி கொட்டும் மாதங்களில் மால் ஒன்றுக்குள் நடக்கிறேன். கடை திறக்கும் முன்பே நடப்பவர்களுக்காகக் கதவைத் திறந்து விடுவார்கள். வெளியே மைனஸ் இருபது, உள்ளே சட்டையோடு நடக்கலாம். எங்கள் தெருவில் இருக்கும் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஊர்க்கதை கதைத்தபடி நாலு சுற்று, பிறகு தேத்தண்ணீர், சீனி இல்லாமல். கார் ஒருவரிடம்தான் இருக்கிறது, அது நான். நான் போகாவிட்டால் மற்ற இருவரும் வீட்டில் அடைந்து கிடப்பார்கள். கோவைத் தம்பியின் நாற்காலிக் கதை அதனால்தான் எனக்கு உடனே விளங்கியது. இரண்டு வருடத்தில் இறங்கியது ஆறு கிலோ. புட்டு சாப்பிடுகிறேன், குறைவாக. இரண்டாவது மகளுக்குப் பேச்சு நடக்கிறது. இந்தக் கலியாணத்துக்கு இருக்கிற உடம்போடுதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

ரேஸ்கோர்ஸ்காரன், கோவை:

ஸ்கார்பரோ அண்ணா, அந்தப் படத்தைக் கழற்ற வேண்டாம்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். பெரியவர் போன மாதம் மகன் வீட்டுக்கு பெங்களூர் போய்விட்டார், இரண்டு மாதத்துக்கு. அவர் கிளம்பிய மறுநாள் ஜன்னலைத் திறந்தேன், நாற்காலி இல்லை. மூடிவிட்டுப் படுத்தேன். இரண்டாம் நாளும் அப்படியே. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு அவரிடமிருந்து போன். "தம்பி, கிளம்புகிற அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டேன். அருகம்புல் சாற்றுக்காரரிடம் மாசக் கணக்கில் 30 டம்ளருக்கு முன்பணம் கட்டியிருந்தேன். குடித்தது இரண்டுதான். காசைத் திருப்பிக் கேட்டால் நன்றாக இருக்காது. நீங்கள் போய்க் குடித்துவிடுங்கள், வீணாகக் கூடாது" என்றார். அவர் பள்ளிக்கூடத்துக் குரல். மறுத்துப் பேச வரவில்லை.

14,000 ரூபாய் என் சொந்தப் பணம், கண்ணை மூடிக்கொண்டு விட்டவன் நான். அடுத்தவர் காசில் ஒரு டம்ளர் சாறு, விட மனம் வரவில்லை. வண்டிக்காரர் சிலேட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒரு சுற்று முடித்துத்தான் அவரிடம் வருவது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன், காரணம் அந்த வாசனையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு.

இன்றோடு 17 ஆயிற்று. இன்னும் 11 டம்ளர் பாக்கி.