புது லேப்டாப்: சார்ஜ், மழைக்காலம், தமிழ்99. கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். எட்டு வருஷம் உழைத்த பழைய லேப்டாப் போன மாதம் படுத்துவிட்டது. எந்நேரமும் சார்ஜரைச் செருகியே வைத்திருந்தேன். பேட்டரி அப்பளம் மாதிரி உப்பி, டச்பேடையே மேலே தூக்கிவிட்டது. பழுது பார்க்கும் தம்பி, "இனி இதை ஆன் பண்ணாதீங்க அங்கிள்" என்று தள்ளி வைத்தார்.

புதியதில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. லித்தியம் பேட்டரியை எப்போதும் 100-லேயே வைத்தால் சீக்கிரம் தேயுமாம். சரி, ஊருக்கு ரயிலேறும் நாளில் மட்டும் 100 வரை ஏற்றினால் பரவாயில்லையா?

அப்புறம் மழைக்காலம். ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் பெல்ட்டே பூசணம் பூக்கும். லேப்டாப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது உண்மையிலேயே பலன் தருகிறதா?

கடைசியாக, விண்டோஸ் 11-இல் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துவிட்டேன். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸை அழுத்தினால் மொழி மாறுகிறது. எச் தட்டினால் க, எஃப் தட்டினால் புள்ளி, அதுவரை மனப்பாடம். மீதிக்கு விரல் தடுமாறுகிறது. விசைகளில் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர் இங்கே லாமிங்டன் ரோட்டு கம்ப்யூட்டர் கடைகளில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா? ஆன்லைனில் வாங்கியது இரண்டே வாரத்தில் உரிந்துவிட்டது.