மறு: பாக்கிசோமா வண்டுக்குத் தமிழ்ப் பெயர்

> ‘பாலை உருட்டி’ என்று வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா,

பெயர் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வண்டு எதையும் உருட்டுவதில்லை. நாம் பார்த்த சாணவண்டு ஈரச் சாணியை உருண்டை பிடித்து, தலைகீழாக நின்று பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு போகும். பாக்கிசோமா இருப்பதோ தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து நமீபியா வரை நீளும் வறண்ட மணலில். அங்கே கிடைப்பது காய்ந்த புழுக்கையும் சருகும். அதை எப்படி உருண்டை பிடிப்பது? பின்னங்கால்களில் பற்றிக்கொண்டு, முன்னோக்கி நடந்தபடியே இழுத்துப் போகிறது. ஈரம் தங்கிய ஆழத்தில் புதைத்தால் காய்ந்த தீனி அங்கே ஊறிக்கொள்ளும். அப்புறம் மேலே வந்து அடுத்த புழுக்கைக்குப் போகும். மறுபடி வளைக்கே திரும்பும். உருட்டும் வண்டு உருண்டையோடு கிளம்பினால் கிளம்பியதுதான். பறக்கவும் முடியாத இந்த வண்டுக்கு இழுப்பதுதான் பிழைப்பு. பெயரில் அது தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: இழுவண்டு. ‘இழுவிசை’ ஏற்கெனவே பாடநூல்களில் புழங்குகிறது. அதே வினைத்தொகைதான் இதுவும்.

‘புழுக்கைவண்டு’ என்றும் யோசித்தேன். மாட்டுக்குச் சாணி, யானைக்கு இலத்தி, ஆட்டுக்கும் முயலுக்கும் புழுக்கை என்று நம்மிடம் தனித்தனிச் சொல் இருக்கும்போது பயன்படுத்தாமல் விட மனம் வரவில்லை. ஆனால் சருகை இழுப்பவையும் இவற்றில் உண்டு என்பதால் விட்டுவிட்டேன். ‘பேரினம்’ (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) என்பதையும் பெயரோடு ஒட்ட வேண்டாம். பாக்கிசோமாவைத் தனிப் பேரினம் என்றும் ஸ்கராபேயஸ் என்ற சாணவண்டுப் பேரினத்தின் துணைப் பேரினம் என்றும் இரு விதமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. பூச்சிகள் பொதுவாக மூன்று கால்களை ஊன்றி, மற்ற மூன்றை எடுத்துவைத்து நடக்கும். இழுவண்டுகளில் மூன்று இனங்கள் அப்படி நடப்பதில்லை என்று 2013இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. முன்கால் இரண்டும் சேர்ந்து எழும், அடுத்து நடுக்கால் இரண்டும் சேர்ந்து எழும். குதிரை ஓட்டம் மாதிரி. இதற்கு ‘நாலுகால் பாய்ச்சல்’ என்ற நம் பழைய வழக்கே போதும். ஆறு கால் பூச்சிக்குப் பொருந்துமா என்று தயங்க வேண்டாம். இந்த ஓட்டத்தில் உந்துபவை அந்த நான்கு கால்கள்தான்.

வழக்கமான நடையை மட்டும் ‘முக்கால் நடை’ என்று எழுதிவிடாதீர்கள், முக்கால் பங்கு என்று படித்துவிடுவார்கள். ‘மூன்றுகால் நடை’ என்றே இருக்கட்டும்.

அன்புடன்