வீட்டு வேலையைக் கலோரிக் கணக்கில் சேர்க்கலாமா? உங்க அனுபவம் சொல்லுங்க

ஈரத்துணி:

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். அப்புறம் ஆளாளுக்கு வந்து கொட்டுங்க.

வயசு 41, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. ஆபீஸ் வேலை வீட்டிலிருந்தே. நாலு மாசம் முன்னாடி கலோரி எண்ணுற ஆப் ஒண்ணு இறக்கினேன். ஆரம்பத்துலயே ஒரு கேள்வி கேட்டுச்சு, அன்றாடம் எவ்வளவு உழைக்கறீங்கன்னு. பெருக்கறேன், துடைக்கறேன், துவைக்கறேன், நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கேன், அப்புறம் என்ன, "லேசான உழைப்பு"ன்னு தட்டிவிட்டேன். எடை குறையணும்னா தினம் 1,400 கலோரிக்குள்ள சாப்பிடுங்கன்னு சொல்லுச்சு.

அதோட விட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். பக்கத்துலயே "உடற்பயிற்சி சேர்க்க"ன்னு ஒரு பொத்தான். தேடிப்பார்த்தா வீடு துடைக்கறது இருக்கு, பாத்திரம் கழுவறது இருக்கு, துணி மடிக்கறது கூட இருக்கு! இத்தனை வருஷமா யாருமே கணக்குல வைக்காத வேலைக்கு ஒருத்தர் மார்க் போடறாங்கன்னா விடுவேனா? ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு விடாம ஏத்துவேன். 450 வரும். "இன்னும் 450 சாப்பிடலாம்"னு பச்சையா ஒளிரும். சாப்பிட்டேன். கூசாம சாப்பிட்டேன். ஏழு வாரம் கழிச்சுத் தராசுல ஏறினா அரை கிலோ கூடியிருக்கு.

தராசுல பேட்டரி மாத்திப் பார்த்தேன். தரை சமமா இல்லையோன்னு இடம் மாத்தி வெச்சுப் பார்த்தேன். கடைசியில பேப்பர் பேனா எடுத்தேன். இந்த ஆப்கள்ல பலதும் 1990ல வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தை வெச்சுத்தான் ஓடுது. பெண்களுக்கு: எடையை 10ஆல பெருக்கு, உயரத்தை 6.25ஆல பெருக்கு, ரெண்டையும் கூட்டு, அதுல வயசை 5ஆல பெருக்கிக் கழி, இன்னும் 161 கழி. எனக்கு 1,300 வந்துச்சு. அசையாம படுத்துக்கிடந்தாலே உடம்பு எரிக்கறது அவ்வளவு. உக்காந்தே இருக்கறவங்க அதை 1.2ஆல பெருக்கணும், லேசா உழைக்கறவங்க 1.375ஆல. எனக்கு முதலாவது 1,560, ரெண்டாவது 1,790. நடுவுல இருக்கற 230 எங்கிருந்து வந்துச்சு? என் துடைப்பமும் மாப்பும் வாளியும்தான் அது! முதல் நாளே கணக்குல ஏறி உக்காந்திருக்கு. அது தெரியாம ராத்திரி ராத்திரி அதையே திரும்ப 450ன்னு எழுதி, 1,850 சாப்பிட்டிருக்கேன். செலவு 1,790. எடை எப்படிக் குறையும்?

இன்னொரு ஓட்டையும் இருக்கு. அரை மணி நேரம் துடைச்சா எனக்கு 119 கலோரின்னு காட்டும். ஆனா அந்த அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாலும் 34 எரிஞ்சிருக்கும். துடைச்சதால கூடுதலா எரிஞ்சது 85தான். பாக்கி 34 எப்படியும் எரியவேண்டியது.

இப்ப நீங்க சொல்லுங்க. சேர்க்கறீங்களா, இல்லையா?

நடுப்பகல்:

அக்கா, நான் எதிர்க்கட்சி. வீட்டு வேலை கண்டிப்பா கணக்குல வரும்.

மனைவிக்குக் கணுக்கால் எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் கட்டு போட்டிருந்தாங்க. அதுவரைக்கும் நான் குடிச்ச டம்ளரைக் கூட நகர்த்தி வெச்சவன் இல்ல. திடீர்னு எல்லாம் என் தலையில. முதல் வாரம் கட்டிலுக்கு அடியில பெருக்கக் குனிஞ்சவன் நிமிர முடியாம அங்கேயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். சாப்பாட்டை அதுக்கு முன்னாடியே அளந்து எழுதிக்கிட்டுதான் இருந்தேன், அளவை மாத்தல. ஆப்ல "உட்கார்ந்த வேலை"ன்னு போட்டது போட்டபடியே இருந்துச்சு. ரெண்டு மாசத்துல 2 கிலோ போச்சு. ஒரு நாள் கூட ஓடல, தண்டால் எடுக்கல.

ஈரத்துணி:

இருங்க இருங்க. ஒரு கிலோ கொழுப்புன்னா ஏறக்குறைய 7,700 கலோரி. ரெண்டு கிலோவுக்கு 15,400. அறுபது நாளுக்கு வகுத்தா தினம் 256 சொச்சம். என்னோட 230க்குப் பக்கத்து வீடு! அப்ப நீங்க எதிர்க்கட்சியே இல்ல சகோ. நீங்க சும்மா இருந்த ஆள், புதுசா செஞ்சீங்க, குறைஞ்சுது. நான் இருபது வருஷமா செய்யறேன். என் உடம்பு இந்த 68 கிலோவுக்கு வந்ததே அந்த வேலையும் செஞ்சுக்கிட்டுதான். கட்டுப் பிரிச்ச அப்புறம் எடை திரும்பிடுச்சா?

நடுப்பகல்:

இல்லக்கா. பாதி வேலை இன்னும் என்கிட்டயேதான் இருக்கு. திருப்பி வாங்கிக்க மாட்டேங்கறாங்க.

மாடிப்படி:

என்னோடது தலைகீழ்க் கதை. ஜிம்முல சேர்ந்து எடை ஏறினவ நான்.

சேர்ந்தப்ப என் எடை 60 கிலோ. நேரம் பத்தலன்னு வீட்டு வேலைக்கு ஆள் வெச்சேன். காலையும் மாலையுமா தினம் ரெண்டு மணி நேர வேலை கையை விட்டுப் போச்சு. பதிலுக்கு வாரம் மூணு நாள், முக்கால் மணி நேரம் டிரெட்மில்லு. புது ஷூ, புதுத் தண்ணி பாட்டில், எல்லாம் ஜோர். மூணு மாசத்துல ஒண்ணரை கிலோ கூடிடுச்சு. பயிற்சியாளர்கிட்ட கேட்டா "தசையா இருக்கும்"னார். டிரெட்மில்லுல நடந்ததுக்கா தசை வரும்?

ஈரத்துணி மாதிரி நானும் கணக்கு போட்டேன், கூடுதலா எரியறதை மட்டும் எடுத்து. ஒவ்வொரு வேலைக்கும் உடம்பு சும்மா இருக்கறதைப் போல எத்தனை மடங்கு எரிக்குதுன்னு ஒரு பட்டியல் இருக்கு. 1993ல முதல்ல வந்தது, 2011லயும் 2024லயும் புதுப்பிச்சாங்க. அந்த மடங்குக்குப் பேர் மெட். சும்மா உக்காந்திருந்தா 1. கிலோவுக்கு, மணிக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி. 2011 பட்டியல்ல பாத்திரம் கழுவறதும் இஸ்திரி போடறதும் 1.8. மிதமான வேகத்துல மாப் போட்டா 3.5. மண்டி போட்டு அழுத்தித் தேய்ச்சா 6.5. வாங்கின சாமானைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினா 7.5! பல வேலையும் கலந்து லேசா செஞ்சா 2.8.

அந்த 2.8ல, சும்மா இருந்தாலும் எரியற 1ஐக் கழிச்சா, நான் கைவிட்ட ரெண்டு மணி நேரம் தினம் 216 கலோரி, வாரத்துக்கு 1,500 சொச்சம். ஜிம்முல வேக நடையை 5 மெட்னு தாராளமா வெச்சாலும் ஒரு தடவைக்கு 180, மூணு தடவைக்கு 540. வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் கலோரி நஷ்டத்துல ஜிம்முக்குப் போயிருக்கேன், அதுவும் பணம் கட்டி. போயிட்டு வந்த களைப்புல சோஃபாவுல சாஞ்ச நேரத்தை இதுல சேர்க்கவே இல்ல.

ஜிம்மை விடல. அங்க எடை தூக்கறேன் இப்ப. மாப்பை மட்டும் திரும்பக் கையில எடுத்துட்டேன்.

பழைய முட்டி:

கலோரி கலோரின்னு பேசறீங்க. எனக்கு 57 வயசு. முப்பது வருஷமா மூணு வேளை சமையலறை, வீடு, துணி. "உனக்கெதுக்கு வாக்கிங், வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே"ன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன். போன வருஷம் தரையில உக்காந்து சாமான் அடுக்கிட்டு எழப்பார்க்கறேன், எழ முடியல. நாற்காலியை இழுத்துப் பிடிச்சு, அதுவும் நகர்ந்து, கடைசியில சுவரோரமா தவழ்ந்து போய் எழுந்தேன். வீட்டுல யாரும் இல்லாதது நல்லதாப் போச்சு.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் சொன்னாங்க, "அம்மா, நீங்க நாள் முழுக்க நிக்கறீங்க. ஆனா தொடைத் தசைக்கு வேலையே குடுக்கல"ன்னு. நாற்காலியிலிருந்து கை ஊணாம பத்துத் தடவை எழுந்து உக்காரச் சொன்னாங்க. நாலாவதுலயே கால் நடுங்கிடுச்சு.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது இதுதான்: வாரம் 150லிருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு. வீட்டு வேலையும் அதுல சேரும், ஒரே மூச்சில பத்து நிமிஷமாவது செய்யணும்ங்கற பழைய நிபந்தனையும் போயிடுச்சு. ஆனா அதோட, வாரம் ரெண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கற பயிற்சின்னு தனியா ஒரு வரி இருக்கு. வீட்டு வேலையே போதும்னு சொல்றவங்க வாயிலிருந்து அந்த வரி வரவே வராது. மிதமான உழைப்புன்னா பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது. நான் பாத்திரம் கழுவும்போது பாடிக்கிட்டேதான் கழுவறேன்.

எண்ணிப்பார்:

நான் காலடி எண்ணுற கைக்கடிகாரக் கேஸ். ஒரு நாள் சோதனை பண்ணினேன். சிங்க் முன்னாடி நின்னு அரை மணி நேரம் பாத்திரம் தேய்ச்சேன், நின்ன இடம் நகரல. 600 காலடி நடந்ததா வாழ்த்துச் சொல்லுச்சு. அடுத்து ரெண்டு கையிலயும் தண்ணி வாளியோட மூணு மாடி ஏறினேன். நாக்கு வெளிய தள்ளிடுச்சு. கடிகாரத்துல ஏறினது இருபதோ என்னவோ. கை ஆடினாத்தானே அதுக்கு நடை? வாளி பிடிச்ச கை எங்க ஆடும்!

2017ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இந்த மாதிரி ஏழு வகைக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிப் பார்த்தாங்க. இதயத் துடிப்பை ஏழுல ஆறு ஓரளவு சரியா சொல்லுச்சு. கலோரியில மட்டும் எல்லாமே கோட்டை விட்டுச்சு. இருக்கறதுலயே நல்லது 27 சதவீதம் தப்பு, மோசமானது 93. அதை நம்பித்தான் நாம ராத்திரி தட்டை நிரப்பறோம்.

இன்னொண்ணு. 1992ல ஒரு ஆய்வு. டயட் இருந்தும் எடை குறையலன்னு சொன்னவங்களை உக்கார வெச்சு அளந்தாங்க. சாப்பிட்டதை 47 சதவீதம் குறைச்சு எழுதியிருந்தாங்க, உழைச்சதை 51 சதவீதம் கூட்டி எழுதியிருந்தாங்க. படிச்சுட்டு என் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். "வீட்டைச் சுத்தம் செய்தல், 60 நிமிடம்"னு இருக்கு. அன்னைக்கு அதுல இருபது நிமிஷம் பழைய போட்டோ ஆல்பம் பார்த்துக்கிட்டிருந்தேன், நல்லா ஞாபகம் இருக்கு.

வெள்ளை விரிப்பு:

எனக்கு இது வீட்டு வேலை மட்டும் இல்ல, பிழைப்பே இதுதான். ஹோட்டல்ல அறை சுத்தம் பண்றேன். மெத்தை தூக்கி விரிப்பைச் செருகறது, குளியலறைச் சுவர் தேய்க்கறது, வண்டி தள்ளறது. ஒரு ஷிஃப்ட் முடிஞ்சா தோள்பட்டை தனியா கழண்டு விழற மாதிரி இருக்கும்.

எங்களைப் பத்தியே ஒரு ஆய்வு இருக்கு, 2007ல வந்தது. ஏழு ஹோட்டல்ல 84 பெண்கள். ஒரு பாதிப் பேர்கிட்ட, நீங்க செய்யற வேலையே நல்ல உடற்பயிற்சிதான்னு எடுத்துச் சொன்னாங்க. மத்தவங்ககிட்ட சொல்லல. நாலு வாரத்துல, சொல்லப்பட்டவங்களுக்கு எடை ஒரு கிலோ போல குறைஞ்சுது, ரத்த அழுத்தத்துல மேல் எண் 10 இறங்குச்சு. நம்பிக்கையோட பலன்னு ஆய்வு பண்ணினவங்க சொன்னாங்க. எனக்கு என்னமோ, "நாம உழைக்கறோம்"னு தெரிஞ்சதும் அந்தப் பெண்கள் வேலையை இன்னும் வீச்சா செஞ்சிருப்பாங்க, தட்டுலயும் கொஞ்சம் கை அடக்கியிருப்பாங்கன்னுதான் தோணுது.

எனக்கு நேர்மாறா நடந்துச்சு. இவ்வளவு உழைக்கறேனே, சாப்பிட்டா என்னன்னு சாப்பிட்டேன். முதல் வருஷம் 4 கிலோ ஏறிச்சு.

மாடிப்படி:

அது உங்களுக்கு மட்டும் இல்ல அக்கா. 2013ல வட அயர்லாந்துல 4,500 பேருக்கு மேல கேட்டுப் பார்த்ததுல, வீட்டு வேலையை அதிகமா சொன்னவங்களோட எடை மத்தவங்களைவிடக் கூடத்தான் இருந்துச்சு. ஒண்ணு, செஞ்சதை மிகையா நினைச்சிருக்கணும். இல்ல, செஞ்சதுக்கு மேல சாப்பிட்டிருக்கணும்.

ஈரத்துணி:

எல்லாத்தையும் படிச்சேன். நான் இப்ப பண்றதைச் சொல்லிடறேன். ஆப்ல "லேசான உழைப்பு" அப்படியே இருக்கு, தினசரி வேலை எதையும் தனியா ஏத்தறதில்ல. வழக்கத்துல இல்லாத வேலை வந்தா மட்டும், அதாவது வீடு மாத்தறது, அலமாரி நகர்த்தறது, தண்ணித் தொட்டி கழுவறது மாதிரி வந்தா, ஆப் சொல்ற கலோரியில பாதியைப் போடறேன். தினமும் தராசுல ஏறி, வாரக் கடைசியில சராசரி எடுத்துப் பார்க்கறேன். ஆறு வாரத்துல ஒண்ணே முக்கால் கிலோ குறைஞ்சிருக்கு. பழைய முட்டி அம்மா சொன்ன நாற்காலிப் பயிற்சியை நேத்து பண்ணினேன். ஏழுல நின்னுட்டேன்.

நடுப்பகல்:

ஞாயித்துக்கிழமை பரண் மேல இருக்கறதையெல்லாம் இறக்கித் துடைக்கணும்னு உத்தரவு வந்திருக்கு. ஏணி ஏறி இறங்கணும், பெட்டி ஒவ்வொண்ணும் பத்துப் பதினஞ்சு கிலோ. இதைப் போடலாமா அக்கா?

ஈரத்துணி:

போடுங்க, பாதி. ஆல்பம் பார்க்கற நேரத்தைக் கழிச்சுட்டு.