7 வாரப் பூனைக்குட்டிக்கு நேத்துலருந்து வயித்துப்போக்கு: பட்டினி போடலாமா?

தங்கச்சிமடம் மியாவ்:
குட்டிக்கு 7 வாரம் இருக்கும், சமையல் தராசுல 540 கிராம். நேத்துலருந்து 6 தடவை போயிருச்சு. மஞ்சளா, தண்ணியா, புளிச்ச வாடை. வாந்தி இல்ல, விளையாடுது. பாக்கெட் பால் 3 வேளை, நடுவுல கருவாட்டுத் தலை கொடுத்துட்டு இருந்தோம். ஒருநாள் பட்டினி போடுங்கிறாங்க, பேதி நிக்கிறதுக்கு நாம போடுற மாத்திரையில கால்வாசி கொடுங்கிறாங்க. எது சரி?

கீழக்கரைப் பூனைவீடு:
ரெண்டுமே தப்பு. பாலையும் கருவாட்டையும் நிறுத்துங்க, சாப்பாட்டை நிறுத்தாதீங்க. தாய்ப்பால் மறக்க மறக்க, பால் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி பூனைக்குக் குறைஞ்சுரும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிச்சு, தண்ணியையும் இழுத்துக்கும். அந்த வாடை அதுதான். 540 கிராம் உடம்புல சேமிப்புன்னு ஒண்ணும் கிடையாது. அரைநாள் வயிறு காஞ்சாலே சர்க்கரை இறங்கித் துவண்டுரும்.

தோல் எடுத்த கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம வேகவச்சு நூல் நூலாப் பிச்சுக்குங்க. 3 பங்கு கறிக்கு 1 பங்கு குழைஞ்ச சோறு, கறி வெந்த தண்ணி விட்டு விரலாலேயே மசிங்க. வெதுவெதுப்பா 2 மணி நேரத்துக்கு ஒரு டீஸ்பூன். வயித்துல தங்குச்சுன்னா ரெண்டு டீஸ்பூன். கோழி இல்லேன்னா பாறை மீன் சதையை வேகவச்சு முள் பார்த்துக் கொடுங்க. காரல் வேணாம், அது பூராவும் முள்ளு. இந்தப் பத்தியம் 3 நாளைக்குத்தான். அப்புறம் குட்டிகளுக்கான தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து ஒரு வாரத்துல மாத்திருங்க.

மாத்திரை விஷயத்துல கண்டிப்பா இருங்க. காய்ச்சலுக்குப் போடுற பாராசிட்டமால் ஒரு துண்டு போனாலே பூனை செத்துரும்.

பாம்பன் காத்து:
மேல்உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்க. வழவழன்னு ஈரமா இருந்தா பயமில்ல. விரல் ஒட்டுச்சுன்னா உடம்பு காயுது. ஓ.ஆர்.எஸ். கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல கடைவாய் ஓரமா 1 மி.லி., 20 நிமிசத்துக்கு ஒருக்கா. தலையை நிமித்திப் பிடிக்காதீங்க, நெஞ்சுக்குள்ள போயிரும். கரைச்சது 24 மணி நேரம் தாண்டுனா கொட்டிருங்க.

தங்கச்சிமடம் மியாவ்:
பாக்கெட்ல போட்டிருக்கிற மாதிரி 1 லிட்டர் தண்ணியில பூராவும் கரைச்சேன். மூஞ்சியைச் சுளிச்சுத் துப்புது.

பாம்பன் காத்து:
எந்தத் தண்ணி?

தங்கச்சிமடம் மியாவ்:
போர் தண்ணி, காய்ச்சித்தான் எடுத்தேன்.

பாம்பன் காத்து:
அதான் கோளாறு. காய்ச்சினா கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கரிக்கும். பாக்கெட்ல இருக்கிற உப்பு நல்ல தண்ணிக்குன்னு அளந்தது. உங்க போர் உப்பும் சேர்ந்தா குடல் இன்னும் தண்ணியை இழுத்துப் போக்கு கூடும். குடிக்கிற குடத்துத் தண்ணியில புதுசாக் கரைங்க. குடிக்க வைக்கிற கிண்ணத்துக்கும் அதே தண்ணிதான்.

தொண்டி கால்நடை:
வாந்தி, மலத்துல ரத்தம், தண்ணிக் கிண்ணத்துக்கிட்ட தலையைத் தொங்கப்போட்டுக் குடிக்காம உக்கார்றது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னிக்கே கால்நடை மருத்துவர்கிட்டத் தூக்கிட்டுப் போங்க. தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ வகை வைரஸ் இப்படித்தான் ஆரம்பிக்கும். கரைவலைப் பக்கம் திரியுற குட்டின்னா விஷமுள்ள பேத்தை மீனைக் கடிச்சுச்சான்னும் பாருங்க. தள்ளாடுச்சுன்னா காத்திருக்க நேரமில்ல. காது, பாதம் சில்லுன்னு இருந்தா முதல்ல வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வச்சு உடம்பைச் சூடாக்குங்க, அப்புறம் சாப்பாடு. குளிர்ந்த வயிறு செரிக்காது.

தங்கச்சிமடம் மியாவ்:
3-ஆம் நாள். 2 தடவைதான் போச்சு, களி மாதிரி கெட்டியா. ஆனா சேமியா மாதிரி ஒரு புழு, 2 அங்குலம் இருக்கும்.

தொண்டி கால்நடை:
உருண்டைப்புழு. தாய்ப்பால் வழியாவே வரும். அரிசி மணி மாதிரி இருந்திருந்தா அது நாடாப்புழு, தெள்ளுப்பூச்சி மூலமா வர்றது, அதுக்கு மருந்து வேற. உருண்டைப்புழுவுக்குப் பைரன்டெல் திரவம் கேளுங்க. 5 மி.லி.க்கு 250 மி.கி.ன்னு போட்ட பாட்டில்னா இந்த எடைக்கு 0.1 மி.லி.தான் வரும், அதாவது 5 மி.கி. அதனால 1 மி.லி. சிரிஞ்சுலதான் அளக்கணும், டீஸ்பூன்ல இல்ல. பாட்டிலைக் காட்டி மருத்துவர்கிட்ட அளவை ஒருதடவை உறுதி பண்ணிக்குங்க. 14 நாள் கழிச்சு எடை போட்டுத் திரும்பக் கொடுக்கணும்; மருந்து குடல்ல இருக்கிற புழுவைத்தான் கொல்லும், நுரையீரல் பக்கம் சுத்துற குஞ்சுப் புழு அப்புறமாத்தான் குடலுக்கு இறங்கும். குட்டி வெளிக்குப் போற மண்தட்டைத் தினமும் அள்ளிக் கொட்டுங்க, சின்னப் பிள்ளைகளைத் தொட விடாதீங்க.