ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் வெப்பநிலை: இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கோப்பில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க உதவி தேவை

ஃபேன் இப்போது 102 டிகிரியில் ஓடத் தொடங்கி, 96-ல் நிற்கிறது. இதை 96, 90 என்று இறக்க வேண்டும். தெர்மோஸ்டாட் (கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) 87-ல் திறக்கத் தொடங்கும். நிற்கும் அளவை அதற்கும் கீழே வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது, அதனால்தான் 90.

இசியுவின் ஃப்ளாஷ் நினைவகம் முழுவதையும் படித்து கீட்ராவில் (நிரலைப் பிரித்துப் பார்க்கும் மென்பொருள்) திறந்தாயிற்று. இந்த இசியுவில் வெப்பநிலை ஒரு பைட், 0.75-ஆல் பெருக்கி 48 கழிக்க வேண்டும். ஆக 102 என்பது 200, 96 என்பது 192. இந்த இரண்டும் அடுத்தடுத்து மூன்று இடங்களில் வருகின்றன. முதல் இடத்தில் 192, 184 என்று மாற்றி, செக்சம் (கோப்பின் சரிபார்ப்புத் தொகை) திருத்தி எழுதினேன். வண்டி ஒழுங்காக ஓடுகிறது, ஃபேன் மட்டும் பழையபடி 102-ல்தான் சுற்றுகிறது. ஏசி போட்டால் மெதுவேகத்தில் உடனே ஓடுவதால் ரிலேயும் வயரிங்கும் சரியே.

மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற மனமில்லை. ஒன்று அதிவெப்பப் பாதுகாப்புக்கானதாக இருந்தால் இன்ஜினுக்கே ஆபத்து.

ஓபிடி (வண்டியின் பழுதறியும் இணைப்பு) சேவை 01-ல் 05-ஆம் எண்ணுக்குப் பதில் தரும் ஃபங்ஷனிலிருந்து கூலன்ட் வெப்பநிலையின் ரேம் முகவரி கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் படிக்கும் இடங்கள் நாற்பதுக்கு மேல். அங்கிருந்து ஃபேன் ரிலேயின் அவுட்புட் பின் வரை எப்படித் தொடர்வது? அவுட்புட் பின்னில் தொடங்கித் தலைகீழாகத் தேடி வருவது எளிதா? வண்டி வேகத்தைப் பொறுத்துத் தனி அட்டவணை இருக்குமா? செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.