மருந்துச் சீட்டில் லத்தீன் சுருக்கங்கள் எதற்கு?

கேள்வி

என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, சீட்டில் வலி மாத்திரைக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதியிருந்தார்கள். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபாயக் குறிதான் நான் அறிந்த எஸ்.ஓ.எஸ். என்பதால், தவறவே விடக்கூடாத மாத்திரை போலும் என்று எண்ணி, வலியே இல்லை என்று அம்மா சொன்ன நாள்களிலும் காலையும் இரவும் கொடுத்துவந்தேன். ஒன்பதாம் நாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போன பிறகே, ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்பது அதன் பொருள் என்று தெரிந்தது. நோயாளியின் கைக்கு வரும் தாளிலாவது இவற்றை நேரடி ஆங்கிலத்தில் எழுதினால் என்ன?

பதில் 1 (மருந்துக் கடை வைத்திருப்பவர்)

நீங்கள் கொண்ட பொருளையே கொண்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எஸ்.ஓ.எஸ். என்பது ‘சி ஓபுஸ் சித்’ என்னும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகள். பி.டி. என்றால் நாளுக்கு இரு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை (வரிப் பிடித்தம் அன்று), எச்.எஸ். என்றால் படுக்கும்போது, இவையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். என்னைத் தயங்க வைப்பது ஓ.டி. ஒன்றுதான். பொது மருத்துவர் எழுதினால் அது தினம் ஒரு முறை, கண் மருத்துவர் எழுதினால் வலது கண். சொட்டு மருந்துக்கு எதிரே அது மட்டும் தனியாக நின்றால், மருத்துவரைத் தொலைபேசியில் கேட்காமல் நான் கொடுப்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் தீர்ந்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்கு வரும் பாட்டிக்கு ‘ட்வைஸ் டெய்லி’யும் லத்தீன்தான். மாத்திரை உறையில் காலை, மதியம், இரவு என்று அச்சிட்ட இடத்தில் 1-0-1 என்று பேனாவால் எழுதி, வாயாலும் ஒரு முறை சொல்லி அனுப்புகிறேன்.

பதில் 2 (மருத்துவர்)

வார்டில் எழுதுபவர் ஒரு மாநிலத்தவர், படித்துக் கொடுக்கும் செவிலியர் வேறு மாநிலத்தவர் என்ற நிலையில் சுருக்கங்கள் உதவுகின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் அங்கேயும் அவை ஆபத்தற்றவை அல்ல. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் ‘தினம் ஒரு முறை’ என்பதற்கான க்யூ.டி. இருக்கிறது; அவசரக் கையெழுத்தில் இடைப்புள்ளி சற்று நீண்டு ‘ஐ’ ஆகிவிட்டால் அது க்யூ.ஐ.டி. (நாளுக்கு நான்கு முறை) என்று படிக்கப்பட்டு, ஒரு முறை நான்கு முறையாகிவிடும். இன்சுலின் அளவுக்குப் பின்னால் போடும் ‘யு’வும் அதில் உண்டு, ஏனெனில் 10 யு என்பது 100 என்று படிக்கப்படலாம். பிரிட்டனின் பி.என்.எஃப். என்னும் மருந்துக் கையேடும் சுருக்கமின்றி ஆங்கிலத்தில் எழுதுவதையே விரும்புகிறது. நம் நாட்டில் மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளில் 2016இல் வந்த திருத்தம் மருந்தின் பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதச் சொல்கிறது. ஆனால் அது பெயரைப் பற்றிய விதி, எத்தனை முறை சாப்பிடுவது என்பதைப் பற்றியது அன்று.

பதில் 3

1-0-1 முறையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். என் அண்ணிக்கு முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் எழுதினார்கள். அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. உறையில் 0-0-1 என்று மட்டும் எழுதினால் யாரும் தினமும் இரவு என்றே படிப்பார்கள், அந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். எங்கள் மருத்துவர் ‘ஞாயிறு மட்டும்’ என்று தமிழில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுத் தந்தார்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மறுபரிசோதனைக்குப் போனபோது, எஸ்.ஓ.எஸ். என்பதைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டேன். “வலி இருந்தால் மட்டும், சாப்பிட்ட பிறகு, ஒரு நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம்” என்று எழுதித் தந்தார். அந்த மூன்றெழுத்தை எந்த மொழியில் விரித்திருந்தாலும், பின்னால் உள்ள இரண்டு விவரங்களும் எனக்குக் கிடைத்திருக்காது.